பெண் பார்க்கப் போன வேனும் பிரேக் ஆயிலும்

பிரேக் ஆயிலில் வேறு எண்ணெய் கலந்தால் என்ன ஆகும் என்று கல்லூரியில் ஆட்டோமொபைல் வகுப்பில் ஒருநாள் சார் கேட்டார். மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க நான் எழுந்து நின்றேன். முதலில் பெடல் கல்லாகும், அப்புறம் வண்டி கனக்கும், அப்புறம் சக்கரம் புகையும், கடைசியில் குடும்பத்தில் யாராவது ஒருவர் பொய் சொல்ல வேண்டிவரும் என்று சொல்ல வந்தவள், கடைசி ஒன்றை மட்டும் விழுங்கிக்கொண்டேன். மற்றவர்களுக்கு அது ஒரு பாடம். எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. திருப்பூர் பக்கம் வீரபாண்டியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தையல் யூனிட். பெரிய கம்பெனிகள் வெட்டி அனுப்பும் பனியன் துணியைத் தைத்துக் கொடுப்போம். அப்பா முதலாளி. அம்மா செக்கிங், தைத்த பீஸில் கடுகளவு கறை இருந்தாலும் அவள் கண்ணில் படாமல் தப்ப முடியாது. அப்பாவின் தம்பியான என் சித்தப்பாதான் மெக்கானிக், அவரேதான் டிரைவர். சரக்கு ஏற்ற ஒரு பழைய வேன் இருந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் என்ஜினை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தவரை வேகவைக்கும் ரகம்.

என் வயதுப் பிள்ளைகள் சினிமாப் பாட்டு சொல்லித் திரிந்த காலத்தில் நான் கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸ், கார்பரேட்டர் என்று சொல்லித் திரிந்தேன். எல்லாம் சித்தப்பா உபயம். ஓவர்லாக் மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு அவர் ஒரு மந்திரவாதி. பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால், எங்க சித்தப்பாவுக்குத் தெரியாத மெஷினே இல்லை என்பதுதான் என் கடைசி ஆயுதம்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பெண் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சொந்தத் தொழில் வைத்திருக்கும் பையனுக்குப் பெண் கிடைப்பதைவிட, ஆடி மாதத்தில் மழை கிடைப்பது சுலபம் என்றாகிவிட்டிருந்தது. ஒரு வீட்டில் மெஷின் போதாது என்றார்கள். ஒரு வீட்டில் பெண்ணே கதவுக்குப் பின்னால் நின்று, மாப்பிள்ளை நகமெல்லாம் கறுப்பாக இருக்கிறது என்று சொன்னது எங்கள் காதிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு சித்தப்பா பெண் பார்க்கப் போகும் முந்தின நாளெல்லாம் எலுமிச்சம்பழத் தோலும் சோப்புத் தூளும் வைத்து நகத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். ஒரு கட்டத்தில் அதையும் விட்டுவிட்டார். இன்னும் ஒரே ஒரு வீடுதான், அதற்கு மேல் யார் வீட்டுக்கும் வரமாட்டேன் என்று அவர் அப்பாவிடம் சொன்ன பிறகுதான் வெள்ளகோவில் பெண்ணின் வரன் வந்தது.

அந்தப் பெண்ணின் அப்பா மெயின் ரோட்டில் பிரேக் வேலை செய்யும் பட்டறை வைத்திருந்தார். வீட்டு வாசலிலேயே பட்டறை. இதைக் கேட்டதும் அப்பாவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. நகத்தைப் பார்த்து முகம் சுளிக்காத வீடு, நம்ம தம்பிக்கென்றே செய்த வீடு என்றார். ஆனால் வண்டித் தொழில் செய்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியைத்தான் பார்ப்பார்கள் என்றும் அவருக்குத் தோன்றியது. அதனால் சனிக்கிழமை முழுவதும் வீட்டில் மாப்பிள்ளை அலங்காரத்துக்குப் பதில் வேன் அலங்காரம் நடந்தது. சித்தப்பா டயருக்குக் காற்றடித்தார், ஹாரனைச் சரி செய்தார், என்ஜின் ஆயில் மாற்றினார். நான் வெட்டி மிஞ்சிய பனியன் வேஸ்ட் துணியை எடுத்துக் கண்ணாடிகளைத் துடைத்தேன். திருப்பூரில் எதைத் துடைக்கவும் பனியன் வேஸ்ட்தான். மூக்கு ஒழுகினாலும் அதுதான்.

சாயங்காலம் சித்தப்பா சலூனுக்குப் போன நேரத்தில் அப்பா தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பினார். ஸ்டியரிங்குக்கு முன்பக்கம் பிரேக் ஆயில் ஊற்றி வைக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதன் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்தது ஆறிப்போன டீ நிறத்தில், அதுவும் கோட்டுக்குக் கீழே கிடந்தது. பிரேக் வேலை செய்கிற வீட்டுக்கு இந்த லட்சணத்தோடா போவது என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. பனியன் வேஸ்ட்டை விட்டு அந்தப் பழைய ஆயிலை ஒற்றி எடுத்தார். யூனிட்டுக்குள் போய்த் தையல் மெஷினுக்கு ஊற்றும் வெள்ளை ஆயில் கேனைத் தூக்கி வந்தார். நான் பேப்பரைச் சுருட்டிப் புனல் பிடித்தேன். தண்ணீர் மாதிரித் தெளிவாக, ஒரு தூசு இல்லாமல், டப்பா நிறைய இறங்கியது.

"நிமிசத்துக்கு அத்தனை தையல் போடற மெஷினே இந்த ஆயில்ல ஓடுது கண்ணு. பிரேக்கு என்ன, காலாலே ஒரு மிதிதானே."

அப்பா சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. அவர் சீட்டில் ஏறி பெடலை நாலு தடவை மிதித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். தம்பிக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷத்தில் அன்று ராத்திரி அவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் அப்பாவின் அக்கா, என் அத்தை, விடிந்ததுமே வந்து இறங்கிவிட்டாள். சகுனத்துறைக்கு அவள்தான் அமைச்சர். பெண் பார்க்க ஒற்றைப்படையில்தான் போக வேண்டும், மூன்று பேராகவும் போகக்கூடாது. அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை என்று நாலு பேர் ஆகிவிட்டதால் கணக்கை நேராக்க என்னைச் சேர்த்தார்கள். எந்தக் காரணத்துக்காகச் சேர்த்தால் என்ன, எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முன் சீட் எனக்கு வேண்டும் என்று முதல் நாளே சித்தப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அத்தை இன்னொரு சட்டமும் போட்டாள். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி வழியில் நிற்கக்கூடாது. நின்றால் அந்தச் சம்பந்தம் ஆகாது என்று அர்த்தம், அப்படியே திரும்பிவிட வேண்டும். நின்றது, ரிப்பேர், கோளாறு மாதிரியான வார்த்தைகளை யாரும் வாயிலும் எடுக்கக்கூடாது. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம், அதற்குள் அவர்கள் வாசலில் இருக்க வேண்டும்.

கிளம்பும்போது அப்பா கடைசியாக ஒருமுறை அந்த மூடியைத் திறந்து, மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினார். புது வெள்ளைச் சட்டையின் வலது கை ஓரத்தில் ஒரு சொட்டு தெறித்தது. வேனில் ஏறிய அடுத்த நொடி அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். என்னங்க இது, மெஷின் ஆயில் கறையாட்டம் இருக்குது என்றாள். அப்பா பேசாமல் இருக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அம்மா பவுடரை அப்பி, கையை ஒரு மடிப்பு மடித்து விட்டாள்.

ஊர் எல்லை தாண்டும்வரை வண்டி அருமையாகப் போனது. நான் முன் சீட்டில் உட்கார்ந்து, சித்தப்பா கியர் மாற்றும்போதெல்லாம் இரண்டு, மூன்று என்று அறிவித்துக்கொண்டே வந்தேன். காங்கேயம் ரோட்டில் பாதி தூரம் போனபோது அவர் முகம் மாறியது. ஆக்சிலேட்டரை மிதிக்கிறார், என்ஜின் அலறுகிறது, வண்டி மட்டும் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி நகர்கிறது. பிரேக் பெடலைத் தொட்டுப் பார்த்தார். கல்லாக இருந்தது. ஒரு மொபெட்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார், பின்னால் இரண்டு புல்லுக்கட்டு வேறு.

என்ன தம்பி இத்தனை மெதுவாப் போறே என்று அத்தை பின்னாலிருந்து கேட்டாள். நல்ல காரியத்துக்கு நிதானமாப் போகலாமுங்க்கா என்றார் சித்தப்பா. அடுத்து ஒரு தீய்ந்த வாடை வந்தது. எங்கயோ குப்பையைக் கொளுத்தறாங்க என்று அம்மா சொன்னாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அது சக்கரத்துக்குள் பிரேக் லைனர் கருகுகிற வாடை என்று எனக்குத் தெரியும். ரிப்பேர் என்று கத்த வாயைத் திறந்தேன், அத்தை சட்டம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். தெரிந்ததைச் சொல்ல முடியாமல் இருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது.

நிறுத்தியே ஆக வேண்டும். ஆனால் நிற்கக்கூடாது. அந்தச் சிக்கலை அப்பா அவிழ்த்தார். பாப்பாவுக்கு ஒண்ணுக்கு வருதாம், ஓரங்கட்டு என்றார். குழந்தைக்காக ஒதுங்குவது நிற்பதில் சேராது என்று அத்தையும் பெரிய மனசு பண்ணினாள். எனக்கு வரவே இல்லை. ஐந்தாம் வகுப்பில் ரேங்க் வாங்குகிற பெண்ணுக்கு இது எப்படிப்பட்ட அவமானம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஆனாலும் இறங்கினேன், வேலை நடப்பதைப் பார்க்க வேண்டுமே.

சித்தப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்து பின் சக்கரத்தில் கொஞ்சம் தெளித்தார். தோசைக் கல்லில் தெளித்த மாதிரி சொர்ரென்று பொரிந்து காணாமல் போனது. நான் கை தட்டிவிட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, அடியில் போய்ப் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் பிரேக் ஆயிலைத் திறந்துவிடும் நிப்பிளை ஸ்பேனரால் தளர்த்தினார். ஆயில் பீய்ச்சியடித்தது, இறுகிப் போயிருந்த சக்கரம் விட்டுக்கொடுத்தது. நாலு சக்கரத்துக்கும் அப்படியே செய்தார். கடைசிச் சக்கரத்தில் விரலில் பட்ட ஆயிலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். மூக்குக்குக் கொண்டு போனார். பிறகு தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒரு வேலாமரத்தடியில் நின்று, மடித்த சட்டைக் கையை இன்னும் ஒரு மடிப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா அடியிலிருந்து எழுந்து வந்தார். என்னிடம் வேஸ்ட் கேட்டு வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, கிளம்பலாமுங்க்கா என்றார். அதற்கப்புறம் அவர் மூன்றாவது கியருக்கு மேல் போகவே இல்லை. வண்டியை மெதுவாக்க கியரைக் குறைத்தார், ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தார். 

பன்னிரண்டு அடிக்க ஏதோ கொஞ்ச நேரம் இருக்கும்போது அந்தப் பட்டறை வாசலுக்குள் நுழைந்தோம். மறுபடி இறுகிப்போயிருந்த பின் சக்கரங்களிலிருந்து லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது. எங்களை வரவேற்கக் கை கூப்பி நின்ற பெண்ணின் அப்பா, கூப்பிய கையோடு சக்கரத்தைப் பார்த்தார். வாங்க என்ற வார்த்தையில் 'வா' மட்டும் எங்களுக்கு வந்தது, மீதி சக்கரத்துக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை யார் என்றுகூடக் கேட்கவில்லை. குனிந்து சக்கரத்தின் பிரேக் டிரம்மைத் தொட்டார், கையை உதறினார், நேரே பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தார். அவர் விரல் நகங்கள் சித்தப்பாவுடையதைவிடக் கறுப்பாக இருந்ததை நான் பார்த்தேன். எனக்கு உடனே அந்த வீடு பிடித்துப் போனது.

இப்படியாகப் பெண் பார்க்கும் சடங்கு வேனைச் சுற்றி நடந்தது. உள்ளே சொஜ்ஜியும் பஜ்ஜியும் ஆறிக்கொண்டிருந்தன. எல்லோரும் வாசலில் நின்றதால் பெண்ணும் வாசலுக்கே வந்துவிட்டது. பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கையில் தண்ணீர் டம்ளர்கள் வைத்த தட்டு. அக்கா என்று கூப்பிடுகிற வயதுதான். அத்தையிடம் தட்டை நீட்டிய கையோடு தன் அப்பாவின் தோளுக்கு மேலே எட்டி டப்பாவைப் பார்த்தது.

"அப்பா, இது பிரேக் ஆயில் இல்லீங்க."

சொல்லிவிட்டு, தட்டில் இருந்த கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்தது. விருந்தாளிக்கு வைத்த தண்ணீர். டப்பாவுக்குள் ஒரு குச்சியை விட்டு இரண்டு சொட்டை அதில் விட்டது. பக்கத்தில் பட்டறை மேஜையில் இருந்த டின்னிலிருந்து நல்ல பிரேக் ஆயிலை இன்னொரு டம்ளரில் இரண்டு சொட்டு விட்டது. இரண்டையும் கலக்கி வெயிலுக்கு நேரே பிடித்தது. நல்ல ஆயில் தண்ணீரோடு கரைந்து காணாமல் போனது. எங்கள் ஆயில் வட்டம் வட்டமாக மேலே மிதந்தது. என் பத்து வயதில் அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. இன்னும் ஒருமுறை செய்யச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.

பெண்ணின் அப்பாவுக்கு அது அழகாகத் தெரியவில்லை. இந்த எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிவிடும், மிதித்த ஆயில் திரும்பி வர வழி அடைபட்டுப் பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டு நிற்கும், சூடு இன்னும் ஏறினால் பிரேக்கே இல்லாமல் போகும் என்றார். குழந்தையை வைத்துக்கொண்டா இதில் வந்தீர்கள் என்று என்னைக் காட்டிக் கேட்டார். பிறகு எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"யாருங்க இதை ஊத்துனது?"

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நேற்று நாங்கள் செய்தது நல்ல காரியம் இல்லை என்று. அப்பா தொண்டையைச் செருமினார். அதற்குள் சித்தப்பா ஓர் அடி முன்னால் வந்தார்.

"நாந்தானுங்க. ஆயில் கொறஞ்சு கெடந்துச்சு, கடை சாத்தியாச்சு. சுத்தமா இருக்குதேன்னு மெஷின் ஆயிலை ஊத்திட்டேனுங்க."

"நீங்க மெக்கானிக்குன்னு சொன்னாங்களே."

"தையல் மெஷினுக்குத்தானுங்க."

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. உலகத்தில் உள்ள அத்தனை ஆயிலையும் முகர்ந்தே பெயர் சொல்கிற என் சித்தப்பா, ஒன்றுமே தெரியாத ஆள் மாதிரித் தலையைக் குனிந்து நிற்கிறார். பொய் வேறு சொல்கிறார். பொய் சொன்னால் வாயில் புண் வரும் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தோளில் வைத்த கையால் ஒரு கிள்ளு கிள்ளினாள். அப்பா, தம்பி, அது வந்து, என்று ஆரம்பித்தார். சித்தப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அண்ணா, நீங்க உள்ள போயி உக்காருங்க. வெயிலா இருக்குது."

அப்பா உள்ளே போகவில்லை. அங்கேயே நின்றார்.

முதலில் வண்டியை மனுசன் போகிற மாதிரி ஆக்குவோம், மற்ற பேச்செல்லாம் அப்புறம் என்றார் பெண்ணின் அப்பா. மற்ற பேச்சே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அத்தை அம்மாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. இதுதான் கடைசி என்று சித்தப்பா சொல்லியிருந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எமகண்டம் பிறந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் அந்த மதியம் மாதிரி ஒரு மதியம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை. ஜாக்கி வைத்து வேனைத் தூக்கினார்கள். சித்தப்பா பட்டுக்கரை வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, பட்டறைப் பையன்கள் யாருடையதோ ஒரு பழைய லுங்கிக்கு மாறினார். டிரம் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர்கள் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தன. நான் அவற்றை வரிசையாக அடுக்கி, மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் என்று பெயர் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன். பெண்ணின் அப்பா முதலில் சித்தப்பாவிடம் உம்மென்றுதான் இருந்தார். கொஞ்ச நேரத்தில் பதினாலு சைஸ் என்று கை நீட்டினார், சித்தப்பா எடுத்து வைத்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கை நீட்டுவதற்கு முன்னாலேயே ஸ்பேனர் வந்தது. அவர் ஒருமுறை நிமிர்ந்து சித்தப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தார். இவ்வளவு வேலை தெரிந்தவன் எப்படி இதைச் செய்தான் என்கிற பார்வை என்று இப்போது தோன்றுகிறது.

புது ரப்பர், புது ஆயில் எல்லாம் போட்டாகிவிட்டது. இனி குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தில் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். அந்தப் பட்டறையில் பெடல் மிதிப்பது எப்போதும் அந்த அக்காதானாம். யாரும் கூப்பிடாமலே வந்து, செருப்பைக் கழற்றி, சேலைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தது. முன் சீட் என்னுடையது, சத்தியம் வாங்கியது, அதனால் நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

மற்ற வீடுகளில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாடிக்கோ கொல்லைக்கோ அனுப்பித் தனியாகப் பேச விடுவார்கள். இவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். மிதிங்க என்று சக்கரத்துக்கு அடியிலிருந்து குரல் வரும். மிதிச்சுட்டேனுங்க என்று இங்கிருந்து போகும். விடுங்க. விட்டுட்டேனுங்க. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இதே பேச்சு. உலகத்திலேயே சுவாரசியமான உரையாடல் என்று நினைத்துக்கொண்டு நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

கடைசிச் சக்கரத்துக்கு சித்தப்பா நகர்ந்தபோது, அந்த அக்கா கண்ணாடி வழியாக வெளியே பார்த்தது. அப்பா காப்பி டம்ளரைப் பிடித்தபடி குடிக்காமல் நின்றிருந்தார். சட்டைக் கை மடிப்பு அவிழ்ந்து தொங்கியது. பவுடரையும் மீறி அந்தக் கறை பெரிதாகப் படர்ந்திருந்தது.

"உங்கப்பா சட்டையில என்ன கண்ணு அது, ஆயிலா?"

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. சித்தப்பா ஊத்தலீங்க்கா, அவருக்கு எல்லா ஆயிலும் தெரியும், வழியிலேயே மோந்து பாத்துக் கண்டுபிடிச்சுட்டார் என்று படபடவென்று கொட்டிவிட்டேன். என் சித்தப்பாவை ஒன்றும் தெரியாதவர் என்று இந்த அக்கா நினைக்கக்கூடாது, அது ஒன்றுதான் எனக்கு அப்போது. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அப்பாவைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். அதைவிட மோசம், சித்தப்பா பொய்க்காரர் என்றும் சொல்லியாகிவிட்டது. பொய் சொல்கிற மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மிச்சம் இருந்த நம்பிக்கையையும் நானே கெடுத்துவிட்டேன் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த அக்கா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. மிதிங்க என்று குரல் வந்தது. மிதிக்கவில்லை. மிதிங்க என்று மறுபடி வந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி மிதித்து, மிதிச்சுட்டேனுங்க என்றது. முதல் மூன்று சக்கரத்துக்குச் சொன்ன குரல் இல்லை அது. கோபம் வந்துவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். இறங்கும்போது என் கன்னத்தைத் தொட்டு, இதை யாருகிட்டயும் சொல்லிப் போடாத சாமி என்றது.

வெயில் தாழ்ந்ததும் பெண்ணின் அப்பாவே வேனை எடுத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். பக்கத்தில் சித்தப்பா, பின்னால் நான். வேகமாகப் போய்ச் சட்டென்று மிதித்தார். கோடு போட்ட மாதிரி நின்றது வண்டி. நான் ஹோவென்று கத்தினேன். அவர்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் வாசலுக்குத் திரும்பியதும் மறுபடி முகத்தைப் பெரிய மனுசத்தனமாக வைத்துக்கொண்டு, கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க என்றார். மற்ற வீடுகளிலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஒரு வீட்டிலிருந்தும் ஒன்றும் வந்ததில்லை. அத்தை செருப்பைத் தேட ஆரம்பித்தாள். சித்தப்பா ஒரு கும்பிடு போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் டிரைவர் சீட்டில் ஏறினார்.

அப்போது அந்த அக்கா பட்டறைக்குள்ளிருந்து வேகமாக வந்தது. கையில் சீல் உடைக்காத ஒரு பிரேக் ஆயில் டின். நேரே சித்தப்பாவிடம் போகும் என்று நினைத்தேன். ஆயிலைக் கெடுத்ததாக ஒப்புக்கொண்டவர் அவர்தானே. அது அவரைத் தாண்டிப் போய் அப்பாவின் முன்னால் நின்று, இரண்டு கையாலும் டின்னை நீட்டியது.

"வண்டியில எப்பவும் ஒண்ணு வெச்சுக்கோங்க மாமா. ஊட்டுக்குப் பெரியவங்க கையில குடுக்கோணுமில்லீங்க."

அத்தை செருப்புக்குள் விட்ட காலோடு அப்படியே நின்றுவிட்டாள். அம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெண்ணின் அப்பா மகளை ஒரு பார்வை பார்த்தார், பிறகு ஆகாயத்தைப் பார்த்தார். டிரைவர் சீட்டில் சித்தப்பா சாவியைத் திருப்ப மறந்து உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எதற்காக இப்படிச் சிலையாக நிற்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. போயும் போயும் ஒரு ஆயில் டின்.

அப்பா டின்னை வாங்கிக்கொண்டார்.  அவருடைய இரண்டு கையும் நடுங்கின. நூல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்குகிறவருக்கு இதற்குப் போய்க் கை நடுங்குமா என்று எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. பாவம், ரொம்பக் கனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேன் ரோட்டில் ஏறியதும் பின்னால் திரும்பி, அவர் மடியிலிருந்து அந்த டின்னை வாங்கி, உதவி செய்வதற்காகப் பல்லைக் கடித்துத் தூக்கினேன். என் தண்ணீர் பாட்டில் கனம்கூட இல்லை.